லூஸ் விட்டு வெட்டியது

பை மறுபடியும் கசிந்துவிட்டது. சட்டையைத் தூக்கிப் பார்க்கவே வேண்டாம், மூக்கு முதலில் சொல்லிவிடும். புளித்துப்போன, சூடான ஒரு வாடை கழுத்து வழியாக ஏறி வரும். நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அசைந்தால் இன்னும் வழியும். காலமெல்லாம் அடுத்தவன் இடுப்பில் டேப் வைத்தே சோறு தின்ற கட்டிங் மாஸ்டர் நான். என் சொந்த இடுப்பைத் தொட எனக்கே குமட்டியது.

குடலில் கட்டி என்று வெட்டி எடுத்தவர்கள், மிச்சக் குடலின் நுனியைத் தொப்புளுக்குப் பக்கத்தில் வெளியே இழுத்துத் தைத்துவிட்டார்கள். இப்போதைக்கு எல்லாம் அந்த வழிதான். அதன் மேல் ஒரு பை. பையின் பின்பக்கம் தோலில் ஒட்டுகிற பசை வட்டு ஒன்று உண்டு, அதில் குடல் நுனிக்குத் தக்கபடி ஓட்டை வெட்ட வேண்டும். வீட்டுக்கு வந்ததும் வேலையைப் பிரித்துக்கொண்டோம். நர்ஸ் கொடுத்த அட்டை அளவைப் பார்த்து ஓட்டை வெட்டுவது நான். கழுவி ஒட்டுவது என் மனைவி. அவள் ஒட்டும்போது கண்ணை இறுக மூடிக்கொள்வேன். என் வயிற்றில் முளைத்த அந்த அசிங்கத்தை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. பார்த்தால் அப்புறம் சாப்பாடு இறங்காது.

ஆனால் பை நிற்கவில்லை. சுற்றிலும் தோல் மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிந்தது. "தோல் இப்படியே புண்ணாயிட்டுப் போனா அப்புறம் எந்தப் பையும் ஒட்டாது. திரும்ப இங்க வந்து படுக்க வேண்டியதுதான்" என்று நர்ஸ் போனில் சொல்லியிருந்தாள். திரும்ப அந்த வார்டா? அதற்குச் செத்துப்போகலாம்.

"ஒழுங்கா அழுத்தி ஒட்டினாத்தானே நிக்கும்?" என்று மனைவியிடம் கத்தினேன். "என்ன, தொடறதுக்கு அருவருப்பா இருக்கோ?"

அவள் கையிலிருந்த பக்கெட்டைக் கீழே வைத்தாள்.

"ஆமா, அருவருப்பாத்தான் இருக்கு. இல்லைன்னு எப்ப சொன்னேன்? சோத்துல கை வச்சா அந்த வாடைதான் வருது. இருந்தும் ஒட்டறேன்ல? இனிமே நீங்களே ஒட்டிக்கோங்க. பெரிய மாஸ்டர்தானே."

என்னை பாத்ரூமுக்குள் விட்டு, கதவை வெளியிலிருந்து அவளே சாத்தினாள்.

வேறு வழியில்லை. பையை உரித்தேன். கழுவினேன். வீம்புக்குத்தான் குனிந்து பார்த்தேன். உள் உதட்டைப் பிதுக்கி வைத்த மாதிரி ஒரு சதை, ஈரமாக, சிவப்பாக. அதைச் சுற்றித் தோல் உரிந்து ஒரு வளையம். அந்த வளையத்தைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். அரை விரல் அகலம். எந்தப் பக்கமும் கூடவில்லை, குறையவில்லை. அவள் கோணலாக ஒட்டியிருந்தால் ஒரு பக்கம் மட்டும் அதிகமாக வெந்திருக்கும். இது வேலை தெரிந்தவன் கை. என் கை.

அளந்தபடியே வெட்டினால் துணி பிடிக்கும். மனுஷன் உட்கார வேண்டும், மூச்சுவிட வேண்டும். லூஸ் விடாமல் கத்தரி வைத்துப் பழக்கமே இல்லை எனக்கு. "ஒட்டி வெட்டணும், ஒரு நூல் இடைவெளி போதும்" என்று நர்ஸ் சொன்னபோது, குடலை இறுக்கிவிடுமே, இவளுக்கு என்ன தெரியும் என்று அரை விரல் தாராளமாக விட்டேன். தாராளம் விட்ட இடமெல்லாம் மலம் தேங்கித் தோலைத் தின்றிருக்கிறது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் ஆடத் தெரிந்தும் அதையே சொல்லியிருக்கிறேன்.

அப்போது அந்தச் சதை அசைந்தது. நான் ஒன்றும் செய்யவில்லை, அதுவாகவே வாயைத் திறந்து என் கையில் துப்பியது. வாஷ்பேசினில் வாந்தி எடுத்தேன்.

"கொஞ்சம் வாயேன்" என்றேன். கதவு உடனே திறந்தது.

"வெட்டினதுதான் தப்பு. நீ ஒட்டினது இல்ல."

அவள் மூக்கைச் சுளித்துக்கொண்டே குனிந்து வளையத்தைப் பார்த்தாள். பிறகு என் முகத்தை.

"ஊருக்கெல்லாம் லூஸ் விட்டு விட்டு..." என்று தொடங்கியவள் முடிக்கவில்லை. "புதுசு ஒண்ணு எடுங்க. கண்ணைத் தொறந்துக்கிட்டு வெட்டுங்க."

அட்டை அளவை அந்தச் சதையின் மேலேயே வைத்துப் பார்த்து வெட்டினேன். கத்தரி வெளிப்பக்கமாகவே போகப் பார்த்தது, இழுத்துப் பிடித்தேன். பசை இளகட்டும் என்று அவள் வட்டை வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

தோல் காய்ந்திருக்கும்போதே ஒட்டிவிட வேண்டும். ஒற்றி எடுத்தேன். எரிச்சலில் பல்லைக் கடித்தேன். காய்ந்தது. அவள் வட்டை உருவினாள், அதற்குள் அந்தச் சதை மறுபடியும் கொப்புளித்தது.

"சீ!" என்றோம் இருவரும்.

துடைத்தேன். அவள் வட்டைத் திரும்ப அக்குளுக்குள் வைத்துக்கொண்டாள். நான் பஞ்சைப் பிடித்தபடி, அவள் மூச்சைப் பிடித்தபடி, அடுத்து எப்போது வாயைத் திறக்கும் என்று இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.