மூன்று வருஷ வாரண்டி

கம்ப்யூட்டர் மறுபடியும் நின்றுவிட்டது. “எனக்கு அந்தக் குழாய்” என்று வாசித்த குரல் அடுத்த சொல்லுக்குப் போகாமல் அப்படியே அடங்கியது. திரையின் நடுவே வட்டம் சுற்றத் தொடங்கியது.

“குழாய் நல்லாத்தாங்க இருக்கு. வாஷர் மாத்தியாச்சு, இப்ப சொட்டுறதில்ல” என்று சொல்லிவிட்டு மனைவி சமையலறைக்குப் போய்விட்டாள்.

கம்ப்யூட்டர் வழியாகக் கணவர் சொல்ல வந்தது தண்ணீர்க் குழாயைப் பற்றி அல்ல என்பது அவளுக்குத் தெரியும். மூச்சு இன்னும் தளர்ந்தால் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைக்க வேண்டியிருக்கும், வேண்டுமா வேண்டாமா என்று யோசித்துச் சொல்லுங்கள் என்று டாக்டர் சொன்னபோது அவளும் பக்கத்தில்தான் நின்றாள். அவர் அந்தப் பேச்சை எடுக்கும்போதெல்லாம் கம்ப்யூட்டர் நிற்கும். அது நின்றதும் அவளுக்கு அடுப்பில் ஏதாவது வேலை வந்துவிடும்.

அவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். கூட வேலை பார்த்தவர்கள் அவருக்கு வைத்த பெயர் மேல்மாடி. “உங்க எல்லாருக்கும் மேல்மாடி காலி. எனக்கு மட்டும்தான் ஆள் குடியிருக்கு” என்று அவரும் விடாமல் திருப்பிக் கொடுப்பார். ஒருநாள் கையிலிருந்து ஸ்பேனர் நழுவியது. பிறகு கையே நழுவியது. நரம்புகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்த நோய், காலையும் நாக்கையும் எடுத்துக்கொண்டு கண்ணை மட்டும் விட்டுவைத்தது. திரைக்குக் கீழே ஒரு கேமரா. அவர் எந்த எழுத்தை உற்றுப் பார்க்கிறாரோ அந்த எழுத்து விழும். சொல் சேர்ந்ததும் கம்ப்யூட்டர் அதைச் செய்தி வாசிக்கும் பெண்ணின் குரலில் வாசிக்கும். கிடைத்த தமிழ்க் குரல் அது ஒன்றுதான். “என் வாயில உன் தங்கச்சி வந்து உக்காந்துட்டா” என்று முதல் நாளே மனைவியைச் சீண்டினார்.

குழாய்ப் பேச்சு பாதியில் நின்ற இந்த நாளில் அவருடைய தங்கை வந்திருந்தாள். அண்ணன் முகத்தையும் சுற்றும் வட்டத்தையும் பார்த்துவிட்டுச் சமையலறைக்கு வந்தாள்.

“அண்ணி, அவர் எந்தக் குழாயைச் சொன்னாருன்னு உங்களுக்குத் தெரியாதா?”

மனைவி பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டிருந்தாள். “மெஷினே பழசு. அது நின்னா நான் என்ன பண்றது?”

“எங்க ஆபீஸ்ல கழிச்சுக் கட்டுனதுதானே அது. புதுசு வாங்கணும்னு இல்ல, உள்ள இருக்கிற டிஸ்க்கை மாத்தினாலே போதும். எங்க ரிப்பேர்காரரை வரச் சொல்றேன். அண்ணனே பார்த்து எடுக்கட்டும்.”

வேண்டாம் என்று சொல்ல மனைவிக்குக் காரணம் கிடைக்கவில்லை.

ரிப்பேர்காரர் தன் கடையின் விடுமுறை நாளில் வந்தார். பருத்த மனிதர், படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. சக்கர நாற்காலியில் இருந்தவரிடம் “வணக்கம் சார்” என்று உரக்கச் சொன்னார். காது கேட்கும் என்று தங்கை சொன்னதும் அசடு வழிந்து, கம்ப்யூட்டர் பெட்டியின் மூடியைக் கழற்றினார்.

“புது டிஸ்க் குச்சி மாதிரி வருமே, அந்த வகைக்கு இதுல இடம் இல்ல. கேபிள்ல மாட்டுற தட்டை மாடல்தான் ஆகும். அதுவே இதுக்கு ஜாஸ்தி வேகம்” என்றபடி மூன்று சிறிய டப்பாக்களை மேசையில் வைத்தார். “இது பேர் தெரியாத கம்பெனி. விலை குறைவு, வாரண்டி ஒரு வருஷம். நிறைய ஏத்தினா திணறும். நடுவுல இருக்கிறது ஓரளவு நல்ல கம்பெனி, மூணு வருஷம். இந்தப் பக்கம் இருக்கிறது அஞ்சு வருஷம். விலையும் அதுக்கேத்த மாதிரிதான்.”

அவருடைய கண்கள் திரையில் மெல்ல நகர்ந்தன. எல்லோரும் காத்திருந்தார்கள்.

“மூணு வருஷமே என் வாரண்டிக்கு மேல” என்றது செய்தி வாசிப்பவளின் குரல், மழை நிலவரம் சொல்வது போல.

ரிப்பேர்காரர் கையிலிருந்த திருப்புளியைப் பார்த்தார். தங்கை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“அஞ்சு வருஷத்தோடதையே போடுங்க” என்றாள் மனைவி. ரொட்டித் தொழிற்சாலையின் பேக்கிங் பகுதியில் இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிப் பழகிய குரல் அது. வீட்டுக்குப் பெரிதாக இருந்தது.

“தண்ட” என்றது கம்ப்யூட்டர். வட்டம் சுற்றியது.

“அதான் நின்னுடுச்சே. நீங்க போடுங்க.”

“அண்ணி, அண்ணன் இன்னும் முடிக்கல.”

ரிப்பேர்காரரும் அசையவில்லை. அந்த வட்டம் சுற்றி முடியும்வரை மனைவியும் நின்றுதான் ஆக வேண்டியிருந்தது. அவள் அப்படி நின்றது அதுவே முதல் தடவை. அவர் கண்கள் திரையை விட்டு அவள் மேலேயே இருந்ததை அப்போதுதான் கவனித்தாள்.

“தண்டச் செலவு” என்று குரல் தொடர்ந்தது. “மலிவுக் கயிறு லிஃப்டுக்கு ஆகாது. தங்கக் கயிறும் வேண்டாம். நடுவுல இருக்கிறதைப் போடுங்க.”

“லிஃப்ட்காரர் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று சிரித்த ரிப்பேர்காரர், யாரும் மனம் மாறுவதற்குள் நடு டப்பாவைப் பிரித்தார்.

பழைய டிஸ்க்கில் இருந்ததையெல்லாம் புதியதற்கு மாற்ற வெகுநேரம் பிடித்தது. அதுவரை அவருக்குப் பேச்சு கிடையாது. ஆமாம் என்றால் ஒரு தடவை இமைப்பார், இல்லை என்றால் இரண்டு தடவை. மனைவி அவருக்குச் சவரம் செய்துவிட்டாள், தோளைப் பிடித்துவிட்டாள், தலையணையைச் சரிசெய்தாள். “வலிக்குதா?” இரண்டு இமைப்பு. “இது போதுமா?” ஒரு இமைப்பு. அவள் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் வந்துகொண்டிருந்தது. இது எவ்வளவு சுலபமாக இருக்கிறது என்று நினைத்தாள். நினைத்த மாத்திரத்தில் தலையணையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

மாற்றி முடித்து ரிப்பேர்காரர் பொத்தானை அழுத்தினார். மூடியைக் கையில் எடுப்பதற்குள் திரை உயிர் பெற்றது.

“அந்த ஓரத்து ஸ்க்ரூ லூஸா இருக்கு. முடுக்குங்க” என்றது குரல். “காபி குடுத்தியா அவருக்கு? தங்கச்சி, ஏன் மூஞ்சியை அப்படி வச்சிருக்க? ஃபேனைக் குறை. இல்ல, இருக்கட்டும்.”

அணை உடைந்த மாதிரி இருந்தது. தங்கை வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்போடு கண்ணையும் துடைத்துக்கொண்டாள். காபி குடித்து முடித்த ரிப்பேர்காரரை வழியனுப்ப அவள் கீழே இறங்கிப் போனாள்.

“உக்காரு” என்றது குரல்.

“அடுப்புல பால் வச்சிருக்கேன்.”

“வைக்கல. மூக்கு இன்னும் போகல எனக்கு.”

அவள் உட்கார்ந்தாள்.

“தொண்டையில குழாய் வேண்டாம். டாக்டர்கிட்ட நானே சொல்றேன். நீ பக்கத்துல நின்னா போதும்.”

எங்கும் தடுக்காமல், முழுசாக வந்து விழுந்தது அந்தப் பேச்சு. அவள் எழுந்தாள். போக இடமில்லாதது போல மறுபடி உட்கார்ந்தாள்.

“இதுக்குத்தான் இவ்வளவு அவசரமா வாயை ரிப்பேர் பண்ணிக்கிட்டீங்களா? நீங்க பாட்டுக்கு முடிவு பண்ணிட்டீங்க. அப்ப நான் யாரு?”

“உன்னைக் கேக்காம முடிவு பண்ணக் கூடாதுன்னுதான் தினம் பேச்செடுத்தேன். நீ ஓடிட்ட.”

“ஆமா, ஓடினேன்! நின்னு கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பேன்னு நினைச்சீங்க? நல்லதுங்க, போயிட்டு வாங்கன்னா?” அவள் குரல் உடைந்தது. “ஷிப்ட் முடிஞ்சு வந்து இந்தக் கதவைத் திறக்கிறப்ப உள்ள யாருமே இல்லைன்னா... எனக்குப் பயமா இருக்கு. அந்தக் குழாயோடயாவது இருங்களேன்.”

அவள் திரையைப் பார்த்தாள். வட்டம் எதுவும் சுற்றவில்லை. எழுத்துகள் பளிச்சென்று காத்திருந்தன. அவர் கண்ணை மூடியிருந்தார். மூடிய இமைகளின் ஓரம் நனைந்திருந்தது. அதைத் துடைக்க அவருக்குக் கை எழும்பாது. அவள் தன் புடவைத் தலைப்பால் துடைத்தாள்.

“எனக்கும் பயம்தான்” என்றார், கண்ணைத் திறந்து. “ஆனா அப்படிக் கிடக்கிறது இதைவிடப் பயம்.”

படியேறி வந்த தங்கை வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே வரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை, போகவும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டரையும் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் சொன்னார். உறுதியாகத்தான் சொல்கிறாரா என்று டாக்டர் திரும்பக் கேட்டார். அவர் அதே சொற்களைத் திரும்பச் சொன்னார். தூங்கும்போது முகத்தில் மாட்டிக்கொள்ளும் மூச்சுக் கருவி ஒன்று இருக்கிறது, அது கொஞ்ச காலம் தாங்கும் என்றார் டாக்டர். அதற்கு அவர் ஒத்துக்கொண்டார். டாக்டர் மனைவியைப் பார்த்தார்.

“அவர் சொன்னதுதாங்க” என்றாள்.

வெளியே வந்ததும் தங்கை சுவரில் சாய்ந்து அழுதாள். மனைவி அழவில்லை. வீட்டுக்கு வந்து, அவரைத் திரைக்கு முன்னால் வைத்து, பிளக்கை மாட்டினாள். மாட்டியதுமே, திரும்பி வந்த வாடகை வண்டியை ஓட்டியவன் மேல் புகார் ஆரம்பமானது: பள்ளம் பார்த்து இறக்கத் தெரியவில்லை, திருப்பத்தில் வேகம், இவனுக்கெல்லாம் யார் லைசென்ஸ் கொடுத்தது.

“நாளைக்குத் திட்டலாங்க” என்றாள் அவள். “இப்ப என்னால எதையும் கேக்க முடியல.”

“சரி.”

அவள் தரையில் உட்கார்ந்து, திரைக்கு முதுகு காட்டி, நாற்காலிச் சக்கரத்தில் சாய்ந்துகொண்டாள். அவருக்குச் சொல்ல இன்னும் நிறைய இருந்தது. ஆனாலும் அவர் கண்களைத் திரையிலிருந்து எடுத்து, கலைந்துகிடந்த அவள் வகிட்டின் மேல் வைத்தார்.