ரேணுகையின் முகம்

கோபுரத்தில் அவள் முகம் இருக்கிறது என்று நிரஞ்சனிக்கு முதலில் சொன்னது ராக்கம்மாதான். தேயிலைக் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு இருவரும் வெறுங்கூடையோடு மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"ஏய், கோயில் பக்கம் போனியா நீ? போய்ப் பாரு. அந்த ரேணுகா செலை அப்பிடியே ஒன்ன உரிச்சு வச்சிருக்கு."

"சும்மா இருங்கக்கா, கேலி பண்ணிக்கிட்டு" என்று நிரஞ்சனி சிரித்து மழுப்பினாள். ஆனால் லயத்து வீடுகளுக்குப் போகிற பாதை பிரியும் இடம் வந்ததும், பீலித் தண்ணீரில் கால் கழுவப் போவதாகச் சொல்லிவிட்டுக் கோயில் பக்கம் நடந்தாள்.

புசல்லாவைக்கு மேலே இருக்கும் அந்தத் தோட்டத்தில் மாரியம்மன் கோயில் ஒன்றுதான் எல்லோருக்கும் பொது. வெளிநாட்டுக்குப் போன பிள்ளைகள் அனுப்பிய காசில் புதுக் கோபுரம் எழும்பி, கும்பாபிஷேகத்துக்கு நாளும் குறித்தாகிவிட்டது. சிலை வேலைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து பெரியதம்பி என்ற சிற்பி வந்திருந்தார். அறுபதை நெருங்கும், அதிகம் பேசாத மனிதர். கோபுரத்து அம்மன்கள், தோழிகள் எல்லோருக்கும் ஒரே அச்சில் முகம் வார்த்து ஒட்டினார். எல்லாம் ரோஸ் நிறம், அகன்ற கண், சிவந்த உதடு, கலண்டரில் இருப்பதைப் போலவே. கோயில் கமிட்டி கேட்டதும் அதைத்தான்.

முன்பக்கத்தில் மட்டும் ஓர் இடம் தனியாக இருந்தது. மாரியம்மன் ஆவதற்கு முன் ரேணுகையாக இருந்தவள் ஆற்றில் நீர் மொள்ளும் காட்சி. நீருக்குள் தெரிந்த கந்தர்வனின் நிழலை ஒரு கணம் அழகென்று நினைத்துவிட்டாள், அதற்காகப் புருஷன் பெற்ற மகனையே ஏவி அவள் தலையை வெட்டச் சொன்னான் என்கிற கதை தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்த ஒரு முகத்தைப் பெரியதம்பி அச்சில் வார்க்காமல் கையாலேயே செய்தார்.

நிரஞ்சனி கோயில் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தாள். சாரக்கட்டின் மூங்கில்களுக்கு நடுவே, இடுப்பில் குடத்தோடு, ஈரச் செம்மண் நிறத்தில் ஒருத்தி தலையைச் சற்றுச் சாய்த்து நின்றாள். தடித்த புருவம். இடது கன்னத்தில் மட்டும் சின்னக் குழி. தோளெலும்பு துருத்திய விதம்கூட அவளுடையதுதான். கூடைக் கயிறு நெற்றியில் பதித்த இலேசான பள்ளத்தையும் அந்த மனிதர் விட்டு வைக்கவில்லை.

அவளுக்கு முதலில் வந்தது பயம். பிறகு வந்ததற்கு என்ன பேர் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. பெண் பார்க்க வந்த அன்று, "கறுப்புத்தான், பரவாயில்ல, வேலை செய்வா" என்று மாமியார் சொன்னதைக் கேட்டுக்கொண்டுதான் அவள் இந்த லயத்துக்கு வாழ வந்தாள். அதற்குப் பிறகு இருபது வருஷத்தில் அவள் முகத்தைப் பற்றி யாரும் எதுவும் சொன்னதில்லை. இப்போது அந்த முகம் வானத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

நடந்தது இவ்வளவுதான். சீமெந்து குழைக்கத் தண்ணீர் தூக்கிக் கொடுப்பது தோட்டத்துப் பெண்களின் முறை. அவள் முறை வந்த நாளில், குடத்தை இறக்கப் போனவளிடம் பெரியதம்பி, "பிள்ளை, உந்தக் குடத்தை இறக்காதேங்கோ. ஒருக்கா அப்பிடியே நில்லுங்கோ" என்றார். அவள் நின்றாள். அவர் ஒரு நிமிஷம் பார்த்தார். "சரி, இறக்குங்கோ" என்றார். அன்றைக்கு வேலைக்கு வந்த இன்னும் நாலு பெண்களும் பக்கத்திலேயே இருந்தார்கள்.

அந்த வாரம் முழுக்க அவள் ஏதாவது சாக்குச் சொல்லிக் கோயில் வாசலுக்குப் போனாள். பார்த்துவிட்டு உடனே திரும்பினாள். அது எத்தனை பேர் கண்ணில் பட்டது என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

யாரோ பேஸ்புக்கில் போட்டுவிட்டார்கள். ஒரு பக்கம் சிலை, மறு பக்கம் யாருடைய கல்யாணத்திலோ எடுத்த அவள் படம். 'எங்க தோட்டத்து அம்மன்' என்று எழுதி, பக்கத்தில் சிரிக்கும் பொம்மைகள். சிற்பி ஊருக்குத் திரும்பி இரண்டு நாள் ஆகியிருந்தது. கணேஸ் அதைக் கண்டியில் பார்த்தான்.

கணேஸ் அவளுடைய கணவன். கண்டி டவுனில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை, அங்கேயே தங்கல். சனிக்கிழமை இரவு வந்து திங்கள் விடிய முதல் பஸ்ஸில் போவான். அந்தச் சனிக்கிழமை வரவில்லை. போனும் எடுக்கவில்லை. அடுத்த சனிக்கிழமையும் வராதபோது அவள் லீவு போட்டுவிட்டுக் கம்பளைக்குப் போய், அங்கிருந்து கண்டி பஸ் பிடித்தாள்.

மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் இறங்கி, சனத்துக்குள் இடிபட்டுக் கடையைக் கண்டுபிடித்தாள். கணேஸ் ஒரு சிங்களக் கஸ்டமருக்குப் பைப் அளந்துகொண்டிருந்தான். அவளைக் கண்டதும் முகம் இறுகியது. முதலாளியிடம் ஏதோ சொல்லிவிட்டு அவளைக் கடைக்குப் பின்னால், பெயின்ட் வாளிகள் அடுக்கிய சந்துக்கு அழைத்துப் போனான்.

"எதுக்கு இங்க வந்த?"

"நீங்க வீட்டுக்கு வரல. போன் எடுக்கல. நான் என்ன செய்ய?"

"அந்தாளு முன்னால எப்பிடி நின்ன நீ?"

"கொடத்தோட நின்னேன். ஒரு நிமிசம். சுத்தி ஆளுங்க இருந்தாங்க. ராக்கம்மா அக்காகிட்டக் கேளுங்க."

"கேட்டுட்டேன். எல்லாரும் அதத்தான் சொல்றாங்க."

"அப்புறம் என்னங்க?"

அவன் ஒரு வாளியின் மூடியில் காய்ந்திருந்த பெயின்ட்டை நகத்தால் சுரண்டினான்.

"ஒரு நிமிசத்துல அவன் அவ்வளவு பாத்திருக்கான்" என்றான். "ஒன் கன்னத்துல குழி விழும்னு எனக்குத் தெரியாது. இருவது வருசம் கூட இருந்திருக்கேன். அந்த படத்தப் பாத்துத்தான் எனக்குத் தெரியுது. கடையில இருக்கிற பொடியனுங்க எனக்கு முந்தி பாத்துட்டானுங்க."

அவன் அடித்திருந்தால்கூட அவள் எதையாவது சொல்லியிருப்பாள்.

"அது அங்க இருக்கிற வரைக்கும் நான் அந்தக் கோயில் வழியா நடக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அவன் கடைக்குள் போனான். அவள் வந்த பஸ்ஸிலேயே திரும்பினாள். கம்பளை வரும்வரை உட்கார இடம் கிடைக்கவில்லை.

கமிட்டி கூடியது. தலைவர் அழகையா நல்ல மனிதர், யார் வீட்டில் சாவு என்றாலும் முதலில் போய் நிற்பவர். அவர்தான் பெரியதம்பிக்குப் போன் போட்டு எல்லோருக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டினார்.

"ஓம், அந்தப் பிள்ளையின்ரை முகம்தான்" என்றார் பெரியதம்பி. "நான் ஏன் பொய் சொல்லுவான்? வடிவான முகம். அம்மாளுக்குப் பொருந்தி வந்துது. அதிலை என்ன பிழை?"

"கொஞ்சம் வந்து மாத்திக் குடுத்துட்டுப் போங்க ஐயா. ஊர்ல பேச்சாயிருச்சு."

"நான் செய்ததை நானே உடைக்க வரமாட்டன்." போன் வைக்கப்பட்டது.

'வடிவான முகம்' என்றபோது ஆண்கள் பக்கமிருந்து யாரோ தொண்டையைச் செருமினார்கள். பெண்கள் பக்கத்தில் கடைசியாக உட்கார்ந்திருந்த நிரஞ்சனி எழுந்து நின்றாள்.

"நான் ஒரு தப்பும் செய்யலைங்க தலைவரே."

"ஒன்ன யாரும் குத்தம் சொல்லலையேம்மா" என்றார் அழகையா, மிகவும் பரிவாக. "ஒக்காரு. நாளைக்கு ஊரே கையெடுத்துக் கும்பிடப் போற எடம். கும்பிடுறவன் மனசுல ஒன் நெனப்பு வந்தா அது ஒனக்குத்தான் கேவலம். அதுக்குத்தான் சொல்றோம்."

கும்பாபிஷேகம் முடியாததால் அது இன்னும் சாமியில்லை, உடைக்கலாம் என்று குருக்களும் சொல்லிவிட்டார். ஆனால் அம்மன் முகத்தில் சுத்தியல் வைக்க யாரும் முன்வரவில்லை. கடைசியில் ஒருவர், "அவங்க வீட்டுப் பயலே செய்யட்டும், அப்பத்தான் பேச்சு அடங்கும்" என்றார். கூட்டம் அதற்குத் தலையாட்டியது.

அவள் மகன் யுகேஷுக்குப் பத்தொன்பது வயது. ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு, வேலை கிடைக்காமல், கோபுர வேலைக்குக் கையாளாகப் போய்க்கொண்டிருந்தான். மறுநாள் காலை அவன் ஆணியில் மாட்டியிருந்த பழைய சட்டையை எடுத்து மாட்டும்போது அவள் கதவை மறித்து நின்றாள்.

"நீ போகாதய்யா. வேற யாராவது செய்யட்டும்."

"அப்பா போன் பண்ணாரு. நீயே செய்டான்னாரு."

"அப்பா சொன்னா? ஒனக்கா தோணலையா, ஒன் அம்மா மொகம்னு?"

"தோணுது" என்றான். அவன் கண் சிவந்திருந்தது. "அது அங்க இருந்தா அப்பா வர மாட்டாரும்மா. அவரு வரலன்னு நீங்கதான தெனமும் அழுவுறீங்க. நான் என்ன செய்யணும், சொல்லுங்க. நீங்க சொல்றதச் செய்றேன்."

அவள் யோசித்தாள். சிலை இருந்தால் புருஷன் இல்லை. சிலை போனால் அவன் வருவான், ஆனால் எப்படி வருவான் என்று அவளுக்குத் தெரியும். எதைச் சொன்னாலும் சரியில்லை. அவள் கதவைவிட்டு விலகி நின்றாள்.

அன்று கொழுந்து பறித்தது கோயிலுக்கு மேலே உள்ள மலையில். தலைத்துண்டை நெற்றிக்குக் கீழே இழுத்துக் கட்டிக்கொண்டு அவள் தேயிலை நிரையில் ஏறினாள். பனி கலைந்த கொஞ்ச நேரத்தில் சுத்தியல் சத்தம் கேட்டது. பெண்கள் ஒவ்வொருவராகக் கையை நிறுத்தினார்கள். ராக்கம்மா பக்கத்து நிரையிலிருந்து, "அங்கிட்டுப் பாக்காதடி, குனிஞ்சுக்க" என்றாள். நிரஞ்சனி குனிந்துகொண்டாள். கை மட்டும் தானாகக் கொழுந்தைக் கிள்ளிக்கொண்டிருந்தது. சத்தம் விட்டு விட்டு வந்து, பிறகு நின்றுபோனது. கங்காணி கீழேயிருந்து, "என்ன அங்க வேடிக்கை?" என்று கத்தினான். எல்லோரும் வேலையைத் தொடர்ந்தார்கள்.

ரேணுகை கதையில் அப்பன் சொல் கேட்டு வெட்டிய மகனுக்கு அப்பன் வரம் கொடுத்தான்; மகன் தாயின் உயிரைத் திருப்பிக் கேட்டான். யுகேஷ் வேலை முடிந்ததும் படமெடுத்துக் கணேஸுக்கு அனுப்பினான். 'சரி' என்று ஒரு சொல் பதிலாக வந்தது.

மாத்தளையிலிருந்து வேறோர் ஆள் வந்து அச்சு முகம் ஒன்றை ஒட்டினார். செம்மண் நிறக் கழுத்துக்கு மேல் ரோஸ் முகம். கும்பாபிஷேகத்துக்குக் கணேஸ் வந்தான். புதுவேட்டி கட்டி, அன்னதானப் பந்தியில் சாம்பார் வாளி தூக்கினான். அழகையா அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார். பழையபடி சனிக்கிழமைகளில் வரத் தொடங்கினான். சோறு கேட்டான், பஸ்ஸுக்கு எழுப்பச் சொன்னான். ஒரு தடவை அவள் விளக்குக்கு நேரே உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது தலையைத் தூக்கினாள். அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். களவு போன பொருளைத் திரும்ப எடுத்தவன், அது தன்னுடையதுதானா என்று பார்ப்பதைப் போல. அவள் சுளகையும் அரிசியையும் எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். பிறகு அவன் இருக்கும்போது அவள் சிரிப்பதை விட்டாள்.

யுகேஷ் அவளோடு பேசுவது குறைந்துகொண்டே வந்தது. சோறு போட்டால் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டான். தை பிறந்து, கொழும்பில் ஒரு கூட்டாளி மூலம் ஹோட்டல் வேலை கிடைத்தது. அவள் அவனோடு புசல்லாவை டவுன் வரை நடந்தாள். பஸ் வரத் தாமதமானது. இருவரும் மூடிக்கிடந்த ஒரு கடையின் வாசலில் நின்றார்கள்.

"மழையில நனையாத. சாப்பாட்ட விட்டுறாத."

"ம்."

"தீவாளிக்கு வருவியா?"

"பாப்போம்மா." ரோட்டைப் பார்த்தபடியே சொன்னான்: "மொகத்துல என்னால அடிக்க முடியலம்மா. கை வரல. அதனால கழுத்துல அடிச்சேன். தலை முழுசா விழுந்துச்சு. ஒடையவே இல்ல."

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் திரும்பவில்லை.

"எங்கய்யா அது?"

"தலைவர் ஆத்துல போடச் சொன்னாரு. சாக்குல கட்டிக் கொண்டுபோய்ப் போட்டுட்டேன்."

"நல்லாத் தண்ணி ஓடுற எடத்துலயா?"

"ஆமா. ஆழமான எடம்."

கொழும்பு பஸ் வளைவில் ஹோன் அடித்துக்கொண்டு வந்தது. அவன் பையைத் தூக்கிக்கொண்டு ஏறினான். உள்ளே நெரிசல், அவன் எந்தப் பக்கம் நிற்கிறான் என்று அவளுக்குத் தெரியவில்லை. பஸ் புகையைக் கக்கிவிட்டு நகர்ந்தது. பின்னேரக் கொழுந்து நிறுவைக்கு இன்னும் நேரம் இருந்தது. போகாவிட்டால் அரைப் பேர்தான் விழும், பாதி நாள் சம்பளம். அவள் மலைப்பாதையில் ஏறத் தொடங்கினாள்.