ஃபோரியத்துக்கு ஒரு கட்டம்

ரஷ்யாக்காரர் ஒருவர் தனிமங்களை எடைப்படி அடுக்கி அட்டவணை போட்டாலும் போட்டார், எங்கள் உப்சாலாவில் பாதிப் பேருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. யாரும் இன்னும் காணாத தனிமங்களுக்கென்று அதில் கட்டங்களைக் காலியாக விட்டிருந்தார். கண்டுபிடிப்பவரே பெயர் வைக்கலாம். பிரான்சில் ஒருவர் ஒரு கட்டத்தை நிரப்பினார்; எங்கள் ஊரிலேயே ஒருவர் இன்னொன்றை. சேதி வரும்போதெல்லாம் என் சிநேகிதன் ஆல்கோத் தன் வீட்டுச் சுவரில் மாட்டிய அட்டவணையில் அந்தப் பெயரை மையால் எழுதுவான்.

அடுத்த கட்டம் தன்னுடையது என்றிருந்தான். பெயர்கூட வைத்தாயிற்று. ஃபோரியம். அவன் மனைவி ஹில்மா பிறந்த ஃபோரோ தீவின் நினைவாக. கரும்பாறையை அமிலத்தில் கரைத்து, பனி விழும் ஜன்னலோரம் உப்பைப் படியவைத்து, மறுபடி கரைத்து, மறுபடி படியவைத்து, வருஷக்கணக்காக நடந்த அந்த வேலையில் பாதி அவளுடையது. இப்போது நெஞ்சுநோயில் படுத்துவிட்டாள். வைத்தியர் கையை விரித்துவிட்டார்.

ஒவ்வொரு தனிமத்துக்கும் நிறமாலையில் அதற்கே உரிய கோடுகள் உண்டு; ஆரம்பத்தில் எதிலும் சேராத ஒரு பச்சைக் கோடு தெரிந்தது நிஜம். பார்த்துச் சொன்னவனே நான்தான். ஆல்கோத் அன்றைக்கே ஓடிப்போய் அவளிடம் சொல்லிவிட்டான். பொறுடா என்றால் கேட்கிற ஜென்மமா அது.

கடைசியாக வந்த படிகங்களை என் நிறமாலைக் கருவியில் வைத்தேன். புதுத் தனிமமென்றால் உப்பு சுத்தமாக ஆக ஆக அந்தக் கோடு பளிச்சென்று வரவேண்டும். காணவே காணோம். எல்லாம் பழைய தனிமங்களின் கோடுகள்.

"ஒண்ணும் இல்லடா. அந்தப் பச்சை ஏதோ அழுக்கோட வேலை. சுத்தம் பண்ணப் பண்ணப் போயிடுச்சு."

"இன்னொரு தடவ பாரு."

"பாத்துட்டேன். எத்தன தடவ பாத்தாலும் இதான்."

சண்டைக்கு வருவான் என்று நினைத்தேன். வரவில்லை. "அவகிட்ட சொல்லிடாத" என்றான். பொய் எனக்கு அறவே ஆகாது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டு அவன் வீட்டுக்குக் கூடப் போனேன்.

சுவரிலிருந்த அட்டவணையைக் கழற்றி உள்ளே எங்கோ எடுத்துப் போனான். திரும்பி வந்து ஹில்மாவின் மடியில் வைத்தபோது அந்தக் கட்டத்தில் ஃபோரியம் என்று எழுதியிருந்தது. அவள் விரலால் தடவிப் பார்த்தாள்.

"கண்டுபிடிச்சதையெல்லாம் மையிலதான எழுதுவீங்க. இத மட்டும் ஏன் பென்சில்ல எழுதியிருக்கீங்க?"

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, நீங்களாச்சும் சொல்லுங்க."

பாவி எனக்கு அந்த நேரத்தில் ஒரு பொய்கூட வாயில் வரவில்லை. காப்பிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரி, விடுங்க" என்றாள். "அழிச்சிடுங்க. அது யாரு எடமோ. அவங்க வர்றப்ப நாம உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்?"

ஆல்கோத் ரப்பரை எடுத்தான். தாள் கிழிந்துவிடாதபடி ஹில்மாதான் இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொண்டாள்.