ஓட்டைக் குஷன்

காது குடைகிற பஞ்சுக் குச்சிதான். டாக்டரம்மா அதை வைத்து லேசாகத் தொட்டதற்கே நான் போட்ட கத்தலில், திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த என் கணவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தது கேட்டது. டாக்டரம்மா விடவில்லை. இங்கே வலிக்கிறதா, இங்கே, இங்கே என்று கால்களுக்கு நடுவே அந்த வாசலைச் சுற்றி ஒவ்வோர் இடமாகத் தொட்டுப் பார்த்தார். நான் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கல்யாணத்துக்கு வந்து வாழ்த்தியவர்கள் அத்தனை பேரையும் மனதுக்குள் திட்டினேன்.

களிம்பு, மாத்திரை, பயிற்சி எல்லாம் பார்த்தாயிற்று. இனி அறுவைதான் என்றார். வலிக்கிற தோலை வெட்டி எடுத்துவிட்டு, உள்ளேயிருந்து நல்ல தோலை இழுத்து வந்து தைத்துவிடுவார்களாம். பெரும்பாலும் சரியாகிவிடும், சிலருக்கு அப்படியே இருக்கும், அபூர்வமாக வலி கூடவும் செய்யும். நான் துணிக்கடையில் ஆல்ட்ரேஷன் பார்க்கிறவள். வெட்டின துணி ஒட்டாது என்பது எனக்குத் தெரியும். யோசித்துச் சொல்லுங்கள், காலையில் நர்ஸ் போன் செய்வார், சரியென்றால் தேதி போட்டுவிடலாம் என்றார் டாக்டரம்மா. என் கணவருக்கு யோசிக்க ஒன்றுமில்லை. எத்தனை வாரத்தில் பழையபடி ஆகும் என்று கேட்டார். எது பழையபடி என்று டாக்டரம்மா திருப்பிக் கேட்டதும் ஃபைலை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

படியிறங்கும்போது சொன்னார்.

"நான் தொட்டா கத்துறதெல்லாம் நடிப்புன்னு நெனச்சுட்டு இருந்தேன்."

மன்னிப்புக் கேட்கிற குரலில்தான் சொன்னார். அதனால்தான் வயிறு எரிந்தது. இத்தனை வருஷம் பெண்டாட்டி வாய்விட்டுச் சொன்னதை நம்பாதவர், பஞ்சுக் குச்சி சொன்னதும் நம்பிவிட்டார்.

எங்கள் வீட்டில் அந்த இடத்துக்குப் பெயரே கிடையாது. பெயரில்லாத இடத்தில் வலி வந்தால் என்னவென்று சொல்வது? மூலம் என்று சொல்லிவைத்தேன். மாமியாருக்கு அது தெரிந்த வியாதி. உறவில் ஒருவர் விடாமல் சொல்லிவிட்டார். எந்த விசேஷத்துக்குப் போனாலும் யாராவது ஒரு பெரியம்மா என் காதருகே குனிந்து கைவைத்தியம் சொல்வார். கடையிலும் மூலம்தான். நாள் முழுக்கத் தையல் மெஷின் முன்னால் உட்கார வேண்டுமே. ஒரு ஸ்பாஞ்சுக் குஷனை வாங்கி, பெரிய கத்தரியால் நடுவில் வட்டமாக வெட்டி எடுத்துவிட்டு அதன்மேல் உட்காருகிறேன். இஸ்திரி போடுகிறவர் எனக்கு குஷனக்கா என்று பட்டம் கட்டிவிட்டார். நான் எழுந்தால், மகாராணி சிம்மாசனத்தைக் காலி பண்ணியாச்சு என்று அறிவிப்பார். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சேர்ந்து சிரிப்பேன். வெட்டி எடுத்த வட்டத்தையும் வீணாக்கவில்லை. மெஷின் பக்கத்தில் வைத்துக் குண்டூசி குத்திவைக்கிறேன்.

இப்படி உட்கார்ந்தே ஆயுசைக் கழிக்கிறவள் அறுவை என்றதும் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். குதிக்கவில்லை. ஏனென்றால் இந்த வலிதான் என் கதவுக்குத் தாழ்ப்பாள். வலிக்கிறது என்றால் அவர் திரும்பிப் படுத்துக்கொள்வார். திரும்பாத நாளும் உண்டு. அந்த நாட்களில் என் ஆசையெல்லாம் கருகிவிட்டது. வலி போனாலும் அது திரும்பி வராது. தாழ்ப்பாளைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பிறகு என்ன சொல்லிக் கதவைச் சாத்துவேன்?

அன்று சாப்பாடு முடிந்தது. மாமியார், மூலத்தை அறுத்தால் மறுபடி முளைக்கும் என்று எச்சரித்துவிட்டு டிவி பார்க்கப் போனார். இவர் கை கழுவிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஒண்ணு கேக்கறேன். ஆபரேஷன் பண்ணிட்டா நான் எல்லாரையும் மாதிரி உக்காரலாம், வண்டியில போகலாம். ஆனா அதுக்கப்புறமும் உங்க பக்கத்துல வர எனக்கு மனசு வரலைன்னா?"

குழாயை மூடினார். கோபப்படவில்லை. துண்டில் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டு யோசித்தார்.

"அப்புறம் எதுக்கு ஆபரேஷன்?" என்றார்.

குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார். அவர் லிஃப்ட் மெக்கானிக். யாரும் ஏறப்போவதில்லை என்றால் அதை எதற்கு ரிப்பேர் பார்ப்பது? துண்டைக் கொடியில் நேராக இழுத்துப் போட்டுவிட்டு, என்னைப் பார்க்காமல், டிவி பக்கம் போனார்.

காலையில் கடை திறந்ததும் ஒருவர் பேன்ட் உயரம் குறைக்க வந்தார். பெஞ்சில் ஏற்றி நிறுத்திவிட்டு, உதட்டில் ஒரு வரிசை குண்டூசிகளைக் கடித்துக்கொண்டு காலடியில் குனிந்தேன். குனிந்தால் எரியும், எரிந்தது. கணுக்காலுக்குமேல் துணியை மடித்து முதல் ஊசியைக் குத்தும்போது மேஜையில் போன் அதிர்ந்தது. ஆஸ்பத்திரி நம்பர்.

"குஷனக்கா, போன்," என்றார் இஸ்திரிக்காரர்.

வாய் நிறைய ஊசி. வாயைத் திறந்தால் எல்லாம் கொட்டும். எழுந்து மெஷினிடம் போய், உதட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து அந்த ஸ்பாஞ்சு வட்டத்தில் குத்த ஆரம்பித்தேன். போன் அடித்துக்கொண்டே மேஜை விளிம்புக்கு நகர்ந்தது. பெஞ்சின்மேல் நின்றவர் பேன்ட்டில் ஒரு கால் மடித்தும் ஒரு கால் மடிக்காமலும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். உதட்டில் இன்னும் இரண்டு ஊசிகள் இருந்தன.