கறக்காத மடி

நல்லேப்பிள்ளி ஊர்த் தனபாலுக்கு அந்த வருஷம் சிநேகிதர்கள் பதினோராயிரம் பேர். எல்லோரும் போனுக்குள் இருந்தார்கள். மழையில் அவன் வண்டி வாய்க்காலில் இறங்கியபோது வந்து தூக்கிவிட அவர்களில் ஒருவரும் வெளியே வரவில்லை. அதை அவன் ஒரு குறையாகச் சொன்னதில்லை.

தொழில் தரகு. முன்பெல்லாம் வேலந்தாவளம் சந்தையில் மாட்டுத் தரகு. விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் நடுவில் நின்று இரண்டு பேரிடமும் திட்டு வாங்குகிற வேலை. இப்போது அதையே உட்கார்ந்தபடி செய்தான். மாட்டுத் தீவனத்தில் கலக்கும் சத்துப்பொடி ஒன்றை யாரோ அரைத்தார்கள், யாரோ பொட்டலம் கட்டினார்கள். தனபால் வீடியோவில் அதைப் புகழ்ந்து பேசிக் கீழே ஒரு லிங்க் ஒட்டுவான். அதைத் தொட்டு யாராவது வாங்கினால் அவனுக்குக் கமிஷன். ‘அஃபிலியேட் மார்க்கெட்டர்’ என்று கார்டு அடித்திருந்தான். அதைப் படித்த ஊர்க்காரர்கள் ஏதோ வைத்தியப் பட்டம் என்று நம்பி முழங்கால் வலிக்கு மருந்து கேட்டார்கள். அதற்கும் லிங்க் அனுப்பினான்.

ஒரு தடவை செய்தியில் முகம் வந்துவிட்டால் லிங்க் தானாக ஓடும், அதற்குச் செய்திக்காரர்களோடு பழக வேண்டும் என்று ஆன்லைன் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தனபால் பழகினான். கோயமுத்தூரில் ஒரு இணையச் சேனலின் நிருபர் மௌனிகாவுக்குத் தொண்ணூறு நாள் விடாமல் ரோஜாப்பூப் படத்தோடு காலை வணக்கம் அனுப்பினான். அவளுடைய பூனைக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னான். பூனை செத்ததற்குத் துக்கம் கேட்டான். தொண்ணூற்றொன்றாம் நாள், “சொல்லுங்க சார்” என்று பதில் வந்தது.

“எங்கூட்டு மாடு பத்து லிட்டர் கறந்துட்டிருந்துச்சுங்க மேடம். இந்தப் பொடியப் போட்டதுல இப்ப இருவது.”

“கேமரா முன்னாடி கறந்து காட்டுவீங்களா?”

“காட்டறனுங்க.”

பொடிக் கம்பெனிக்காரர்கள் மலைமேல் மாட்டுப்பட்டி என்கிற ஊரில் ஒரு ரிசார்ட்டில் கூட்டம் போடுவதாக இருந்தார்கள். செய்தியில் வந்துவிட்டால் அவனுக்கு மேடையில் நாற்காலி உண்டு.

மாடு செவலை. அது கௌசிகா கல்யாணமாகி வந்தபோது அவள் அப்பன் ஓட்டிவந்து கட்டியது. வீட்டில் உலை கொதிப்பதும், மகள் பள்ளிக்கூடம் போவதும் செவலையின் மடியை நம்பித்தான். பொடியை அது ஒரு தடவை முகர்ந்து பார்த்துத் தும்மியதோடு சரி.

பத்தை இருபதாக்கச் சந்தையில் ஒரு வழி உண்டு. மறுநாள் விற்கப்போகும் மாட்டை முந்தின சாயங்காலம் கறக்காமல் விடுவார்கள். விடிகாலையில் மடி புடைத்து நிற்கும். வாங்குகிறவன் சொக்கிப்போவான். ஒரு வேளைதான் கணக்கு. சந்தைக்கு வருகிறவன் விடிவதற்குள் வந்துவிடுவான். மௌனிகா மாடு வாங்க வருகிறவள் இல்லை என்பது தனபாலுக்குத் தோன்றவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் கறக்கவில்லை. வியாழன் காலை ஏழு மணிக்குக் குளித்து, திருநீறு பூசி, செம்பைக் கழுவிவைத்துக் காத்திருந்தான். பத்து மணிக்குப் போன் வந்தது.

“சாரி சார், ஒரு சிறுத்தை கிணத்துல விழுந்துருச்சு. நாளைக்கு கண்டிப்பா.”

கௌசிகா செம்பை எடுத்தாள்.

“ஏனுங்க, மடியப் பாருங்க, கல்லாட்டம் ஆயிருச்சு. நான் கறந்து உட்டர்றன்.”

“கறந்துட்டா மேடத்துக்கு எதையக் காட்டறது? உன்ற மூஞ்சியவா?”

“என்ற மூஞ்சியவே காட்டுங்க. அதுக்கு நோவாது.”

அவன் கட்டுத்தறிக் கொட்டகைக் கதவைப் பூட்டிச் சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டான். கன்றுக்கு வாய்க்கூடை மாட்டி எதிர்மூலையில் கட்டியிருந்தான். தாயும் பிள்ளையும் பார்த்துக்கொள்ளத் தடையொன்றும் இல்லை.

வெள்ளிக்கிழமை சிறுத்தையை மேலே எடுத்துவிட்டார்கள். ஆனால் அது கூண்டுக்குள் போக மறுத்தது. “நாளைக்கு சார்.”

அதற்குள் செவலை, தென்னையிலிருந்து இறங்குகிறவனைப் போலப் பின்னங்காலை அகட்டி நின்றது. படுக்க முடியவில்லை. நிற்கவும் முடியவில்லை. மடியின் நிழல் மாட்டின் நிழலைவிடப் பெரிதாக விழுந்தது. அது போட்ட சத்தம் வாய்க்காலைத் தாண்டி, வயலைத் தாண்டி, எல்லைச் சோதனைச்சாவடிக்கே போனது. லாரி ஹாரன் என்று நினைத்து ஒருவர் தடுப்பைத் தூக்கினார். லாரியைக் காணோம். தடுப்பைத் தூக்கியது வீணாகக் கூடாதே என்று நோட்டில் ஒரு வண்டி போனதாக எழுதிவைத்தார்.

“உங்குளுக்குப் புண்ணியமாப் போவுது, ஒரு காம்பையாச்சும் பீச்சி உடறன்,” என்று கௌசிகா கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“இன்னொரு பொழுது பொறுத்துக்க புள்ள. மாடு பொறுத்துட்டு நிக்குதில்ல?”

சனிக்கிழமை காலையில் அவள் அவனைக் கேட்கவில்லை. அம்மிக்குழவியால் பூட்டை உடைத்து, மிருகாசுபத்திரி மலையாள டாக்டரைக் கையோடு கூட்டிவந்தாள். அவர் மடியைத் தொட்டார். செவலை உதைக்கக் கால் தூக்கப் பார்த்து, முடியாமல் நடுங்கியது.

“எத்தன திவசமாச்சு கறந்து?”

கௌசிகா மூன்று விரலைக் காட்டினாள்.

“நாலு காம்புல மூணு போயாச்சு. இனி இது கறவை மாடில்ல.”

அப்போதுதான் வாசலில் கார் வந்து நின்றது. மௌனிகா கேமராக்காரரோடு இறங்கி, “சார், ரெடியா?” என்றாள்.

தனபால் ரெடிதான். டாக்டர் கையைப் பிடித்தார். உதறிவிட்டு உட்கார்ந்து கறந்தான். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு தயிர்க்கட்டி போல ஏதோ வந்தது. அப்புறம் ரத்தம். செவலை முன்னங்கால் மடிந்து விழுந்தது. கௌசிகா செம்பைப் பிடுங்கி அவன் தலையில் ஒன்று வைத்தாள்.

கேமராக்காரர் கையைத் தூக்கினார். “அக்கா, ஃபோகஸ் போயிருச்சு. அதே மாதிரி இன்னொண்ணு.”

கௌசிகா இன்னொன்று வைத்தாள். அவர் கேட்டதற்காக வைத்ததல்ல.

‘பாலுக்குப் பதில் ரத்தம்’ என்ற தலைப்பில் அன்று பொழுது சாய்வதற்குள் வீடியோ வந்துவிட்டது. விடிவதற்குள் ஆறு லட்சம் பேர் பார்த்தார்கள். தனபாலின் நம்பரை யாரோ கண்டுபிடித்துப் போட, நான்கு பாஷையில் வசவு வந்தது. குவைத்திலிருந்து ஒருவர் விமானம் ஏறி வந்து அடிப்பதாகச் சொல்லி, வருகிற தேதியையும் எழுதியிருந்தார். தனபால் ஒருவரையும் விடவில்லை. வைத ஒவ்வொருவருக்கும் வணக்கம் சொல்லி, மடிநோவுக் களிம்புக்கு லிங்க் அனுப்பினான். அதிகமாக வைதவர்கள்தான் அதிகமாக வாங்கினார்கள். கம்பெனியிலிருந்து போன் வந்தது. மேடையில் நடு நாற்காலி.

சந்தை நாளில் கௌசிகா செவலையை டெம்போவில் ஏற்றி வேலந்தாவளம் கொண்டுபோனாள். மடி போன மாட்டுக்கு ஒரே வகை ஆள்தான் விலை கேட்பான். அவன் பல்லைப் பார்க்கவில்லை. சுழி பார்க்கவில்லை. முதுகை அமுக்கிப் பார்த்துத் தலையாட்டினான். அவள் கயிற்றை மட்டும் கழற்றிக்கொண்டு, மகளையும் கன்றையும் கூட்டிக்கொண்டு அப்பன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

தனபால் அப்போது மாட்டுப்பட்டியில் மேடையில் இருந்தான். செய்தியில் வருவது எப்படி என்று அரை மணி நேரம் பேசினான். “பொறுமை வேணுங்க, அதான் முக்கியம்,” என்று முடித்தான். கைதட்டு அடங்க நேரமானது. கீழே இறங்கியதும் நாற்பது பேர் கார்டு கொடுத்தார்கள். அந்தச் சந்தோஷத்தில் இருக்கும்போதே மௌனிகா கூப்பிட்டாள்.

“சார், மாட்டை வித்துட்டீங்களாமே. ஒரு ஃபாலோ-அப் வேணும். தாயில்லாத கன்னுக்குட்டி. திங்கக்கிழமைக்குள்ள முடியுமா?”

வீட்டுக்காரிக்குப் போன் போட்டான்.

“கன்னு இங்கதான் இருக்குது, வாங்க,” என்றாள் கௌசிகா. “கயிறுங்கூட இருக்குது. உங்களயும் கட்டி வெக்கறன். மூணு நாளைக்கு ஒண்ணுக்குப் போவாம நில்லுங்க, அப்பறம் மேடத்தக் கூப்புடலாம்.”

அவன் போனைச் சட்டைப்பையில் போட்டான். முந்திரித் தட்டோடு எதிரே வந்த பரிமாறுகிறவனின் சட்டையில் ‘சந்தனம்’ என்று எழுதியிருந்தது.

“ஏனுங்க சந்தனம், இந்தப் பக்கம் யாரூட்லயாச்சும் கன்னுக்குட்டி இருக்குதுங்களா? ஒரு நாளைக்குப் போதும்.”

“எங்க தேயிலைத் தோட்டத்து லயத்துலயே ஒண்ணு கெடக்கு சார். பெறந்து இருவது நாளு. என்ன சோலி சார்?”

“தாயில்லாத கன்னா இருக்கோணும்.”

சந்தனம் சிரித்தான். “அதுக்குத் தாய் இருக்கே சார். எம்பொண்டாட்டி இப்பத்தான் கறந்து வச்சிட்டு வந்தா.”

தனபால் ஒரு முந்திரியை எடுத்து வாயில் போட்டு மென்றான்.

“அதையப் பாத்துக்கலாங்க,” என்றான். “ஊடு எந்தப் பக்கம்?”