வருஷா வருஷம் வந்த தம்பி

அம்மாவின் எண்பதாவது பிறந்தநாளுக்கு ஒரு போட்டோ புத்தகம் போடலாம் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவள் மகள்தான். பதினோரு வருஷமாக அம்மாவோடு இருந்து மருந்து, டாக்டர், குளிப்பாட்டுவது என்று எல்லாம் பார்க்கிறவளும் அவள்தான். போனில் இரண்டாயிரம் படங்கள் கிடந்தன. அவ்வளவும் அவள் எடுத்தவை, அதனால் ஒன்றிலும் அவள் இல்லை. ஒன்றே ஒன்றைத் தவிர. இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு அம்மா முதல் அடி வைத்த அன்று நர்ஸ் எடுத்துக் கொடுத்தது. அம்மா மகளின் தோளில் சாய்ந்து நிற்கிறாள், இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். அந்த ஒரு படம் புத்தகத்தில் வந்துவிட்டால் போதும், வேறு எதையும் அவள் கேட்கப் போவதில்லை.

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள். தம்பி இருக்கும் படங்களாகப் பார்த்து விரல் வைத்தாள். வெளியூரில் பெரிய வேலையில் இருக்கும் அந்த மகராசன் பதினோரு வருஷத்தில் வந்தது மூன்றே தடவை. அதிலும் மூன்றாவது தடவை வாசலில் டாக்சியை நிற்க வைத்துவிட்டு வந்தான்.

“மூணு தடவையையும் ஒரே இடத்துல போடாதடி. வருஷத்துக்கு ஒண்ணா பிரிச்சுப் போடு.”

“எதுக்கும்மா?”

“புள்ள வர்றதே இல்லன்னு பாக்கறவங்க நினைக்க மாட்டாங்களா?”

மகளுக்குச் சுருக்கென்றது. பல்லைக் கடித்துக்கொண்டு செய்தாள். ஓரத்தில் இருந்த தேதிகளை அழித்தாள். தம்பியின் நீலச் சட்டையைப் பச்சையாக்கினாள், பச்சையைச் சிவப்பாக்கினாள். ஒரே நாளில் எடுத்த நாலு படங்களில் அம்மாவின் தலையைக் கொஞ்சம் கொஞ்சமாக நரைக்க வைத்தாள். பதினோரு வருஷமும் தம்பி ஆஜர்.

“கடைசிப் பக்கத்துல இது இருக்கட்டும்மா” என்று நர்ஸ் எடுத்த படத்தைக் காட்டினாள்.

“உன்னத்தான் தினம் பாக்கறேனே. உன்னை எடுத்துட்டு என்னை மட்டும் வை.”

மகள் தன்னை அழித்துப் பார்த்தாள். சாய்ந்த அம்மா பிடிப்பில்லாமல் அந்தரத்தில் நின்றாள்.

“விழப்போற மாதிரில்ல இருக்கு. இந்தப் படமே வேண்டாம்.”

மகள் படத்தை நீக்கிவிட்டுப் புத்தகத்தை அச்சுக்கு அனுப்பினாள்.

பிறந்தநாளன்று தம்பி வீடியோ காலில் கையாட்டினான். மாடிக்குப் புதிதாகக் குடிவந்திருந்த அம்மாள் வந்து, அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புத்தகத்தைப் புரட்டினாள்.

“வருஷம் தவறாம வந்திருக்காரே உங்க பையன். இந்த வருஷம் மட்டும் முடியல போல. குடுத்து வெச்சவங்க நீங்க.”

அம்மாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மகள் காபித் தட்டோடு வந்ததும் அந்த அம்மாள் நிமிர்ந்தாள்.

“நீங்க இப்பத்தான் இங்க வந்தீங்களா? ஒரு படத்துலயும் காணோமே.”

மகள் அம்மாவைப் பார்த்தாள்.

“காபி ஆறிடும், எடுத்துக்குங்க” என்றாள் அம்மா. பிறகு எழுந்திருக்கப் போனவள், எப்போதும்போல் திரும்பிப் பார்க்காமலே மகளின் தோளுக்காகக் கையை நீட்டினாள்.

“ஆமாங்க, இப்பத்தான் வந்தேன்” என்றாள் மகள். தட்டைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நின்றாள்.