வெள்ளிக்கிழமைக் காய்ச்சல்

எங்கள் டோசருக்கு வெள்ளிக்கிழமை மட்டும் காய்ச்சல் வரும். மற்ற நாட்களில் ரப்பர் மரங்களை வேரோடு பிடுங்கும், மண்ணைத் தள்ளும், ஒரு முனகல் இருக்காது. வெள்ளிக்கிழமை காலைத் தேநீர் நேரம் தாண்டியதும் சூடு காட்டும் மீட்டரின் முள் சிவப்பில் போய் ஒட்டிக்கொள்ளும். எச்சரிக்கை மணி ஊரைக் கூட்டும்.

எண்பத்து மூன்றாம் வருஷம். சுங்கை லாலாங் பக்கம் பழைய ரப்பர் காட்டை அழித்து வீடு கட்ட நிலம் சமப்படுத்திக்கொண்டிருந்தோம். நான் அந்தோணிதாஸ், செமிலிங் பெங்கேலில், அதாவது வண்டிப் பட்டறையில், மெக்கானிக். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், இயந்திரங்களுக்கு அது தெரியும். டோசர் ஓட்டியது வடிவேலு. மணி அடித்ததும் அவன் எஞ்சினை நிறுத்திவிட்டு எனக்குச் சொல்லி அனுப்புவான்.

"அண்ணே, மறுபடியும் பானாஸ் ஆயிருச்சுண்ணே, சூடு ஏறிருச்சு."

"என்னடா பண்ணித் தொலைச்ச?"

"ஒண்ணும் பண்ணலலா. ஓட்டிக்கிட்டுதான் இருந்தேன்."

முதல் வெள்ளி ரேடியேட்டரைக் கழுவினேன். அடுத்த வெள்ளி வாட்டர் பம்பை மாற்றினேன். ஒவ்வொரு தடவையும் நான் கை வைத்தபின் இயந்திரம் நல்ல பிள்ளையாக ஓடும். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போய் மனைவி ரூத்திடம் பெருமையடிப்பேன். வெள்ளி வந்தால் மூக்கு உடையும்.

பிறகுதான் சென்சர்மேல் சந்தேகம் வந்தது. சென்சர் என்பது எஞ்சின் தலையில் திருகியிருக்கும் கட்டைவிரல் அளவு பித்தளைத் துண்டு. உள்ளே ஓடும் தண்ணீரின் சூட்டைத் தெரிந்துகொண்டு, உச்சியில் உள்ள ஒற்றை வயர் வழியாக மீட்டருக்குச் சொல்லும். அந்த வயரின் முனை எஞ்சின் உடம்பில் பட்டுவிட்டால் போதும், தண்ணீர் ஜில்லென்று இருந்தாலும் முள் சிவப்புக்கு ஓடிவிடும். வயர் முழுவதையும் தடவிப் பார்த்தேன். எங்கும் உரியவில்லை. சென்சரையே புதிதாக மாற்றினேன். அதற்கடுத்த வெள்ளியும் மணி அடித்தது.

வேலையாட்கள் பேசத் தொடங்கிவிட்டார்கள். வெட்டிய மரத்தில் ஏதோ இருந்திருக்கிறது என்றான் ஒருவன். டோசர் விரதம் இருக்கிறது என்றான் இன்னொருவன். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஸ்பானரை வீசினேன், அது சகதிக்குள் போய் விழுந்தது, பிறகு நானேதான் தேடி எடுத்தேன்.

எங்கள் முதலாளி ஆ சூன் சீனர், தோட்டத்துக் கடைக்காரர் மகன்; தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். தமிழில் திட்டினால் எங்களைவிடச் சுத்தமாகத் திட்டுவார். அன்று திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"வடிவேலு முரட்டுத்தனமா ஓட்டுறான், அதான் சூடாகுது. வர்ற வெள்ளி நானே வந்து பாப்பேன். மணி அடிச்சா ரோலர் ஓட்டுற மனோகரனுக்கு டோசர். இவன் ரோலர் ஓட்டட்டும்."

ரோலர் என்றால் சாலையில் ஆமை மாதிரி ஊர்வது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதை நடந்தே முந்திவிட்டுத் திரும்பிக் கையாட்டுவார்கள். டோசர் ஓட்டுகிறவன் என்று சொல்லித்தான் வடிவேலுவுக்குச் சந்திரிகாவைப் பெண் கேட்டார்கள். மாமனார் வீட்டில் அவனுக்கு 'டோசர் மாப்பிள்ளை' என்றே பெயர். அன்று மாலை அவன் டோசரின் இரும்புச் சங்கிலியில் ஒட்டியிருந்த மண்ணைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தான். முரட்டுத்தனமாக ஓட்டுகிறவனா அவன்? டோசரிடம் காட்டும் பதத்தைப் பெண்டாட்டியிடம்கூடக் காட்டமாட்டான்.

வெள்ளி காலை நான் முதல் ஆளாகப் போய் நின்றேன். தவுக்கே குடையோடு வந்தார். மனோகரன் சோற்றுப் பாத்திரத்தோடு தயாராக வந்திருந்தான். அவனைப் பார்த்ததும் எனக்கு எரிந்தது.

தேநீர் நேரம் தாண்டியது. மணி அடித்தது.

வடிவேலு வழக்கம்போல எஞ்சினை நிறுத்தக் கை நீட்டினான். "நிறுத்தாதடா! எதையும் தொடாத!" என்று கத்திக்கொண்டே ஏறி ரேடியேட்டர் குழாயில் கை வைத்தேன். வெதுவெதுப்புதான். காய்ச்சலே இல்லை, மீட்டர்தான் புளுகுகிறது! எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கவாட்டு மூடியைத் திறக்கப் போனேன். வடிவேலு இருக்கையிலிருந்து குதித்து ஓடிவந்து குறுக்கே நின்றான்.

"அண்ணே, ஒரு நிமிஷம். நான் மொதல்ல எடுத்துர்றேன்."

"என்னத்தை?"

தள்ளிவிட்டுத் திறந்தேன். என் புத்தம் புதிய சென்சரின் கழுத்தில் ஒரு முழம் மல்லிகை. நூலில் கட்டிய பூ, அதைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பி. எஞ்சின் ஆட்டத்தில் நழுவிய கம்பி, ஒரு பக்கம் வயர் முனையிலும் மறு பக்கம் எஞ்சின் இரும்பிலும் பட்டுக்கொண்டு நின்றது.

"இது எத்தனை நாளா நடக்குது?"

"வெள்ளிக்கிழமைன்னா காலையில எப்பவும் பூவு வைப்பேண்ணே. முன்னாடி வெளிய கட்டினேன், கிளை இழுத்துட்டுப் போயிருச்சு. உள்ள நூல்ல கட்டினா ஆட்டத்துல அந்துருது. அதான் போன மாசத்துலேர்ந்து உங்க பெங்கேல்ல கிடந்த பழைய வயரை உரிச்சு..."

"நான் வர்றப்ப ஒரு தடவைகூடக் கண்ல படலையே!"

"எடுத்துருவேன்லா. நீங்க பூட்ஸ் காலோட ஏறுவீங்க, கிரீஸ் கையை வைப்பீங்க. சாமி பூ இருக்கப்ப அது மரியாதையாண்ணே? எடுத்த பூவைத் திரும்ப வைக்கவும் கூடாது, மரத்தடியில போட்டுருவேன்."

அவன் மரியாதையில் இடி விழ! நோயை ஒளித்துவைத்துவிட்டு வைத்தியனுக்கு வணக்கம் சொல்லியிருக்கிறான். சிரிப்பதா அறைவதா என்று தெரியவில்லை. பூவைப் பிய்த்துச் சட்டைப்பைக்குள் திணித்தேன். முள் கீழே இறங்கியது, மணி அடங்கியது.

"என்ன அது?" தவுக்கே குடையை மடக்கிக்கொண்டு கிட்டே வந்தார்.

பூ என்று சொன்னால் வடிவேலு ரோலருக்குப் போவது நிச்சயம். "வயர் பட்டிருந்துச்சு தவுக்கே. சரியாப் போச்சு. ஓட்டுனதுல தப்பு இல்ல" என்றேன்.

"இல்ல தவுக்கே" என்றான் வடிவேலு. "நான்தான் எஞ்சின்ல பூ வச்சேன். அந்தக் கம்பியாலதான் இத்தனை நாளும் மணி அடிச்சிருக்கு."

அவனைக் கொல்லலாம் போலிருந்தது. "வாயை மூடிக்கிட்டு இருக்கக் கூடாதாடா?" என்று பல்லைக் கடித்தேன்.

"சாமி மெஷினுண்ணே. அது முன்னாடி நின்னுக்கிட்டு எப்படிப் பொய் சொல்றது?"

தவுக்கே டோசரைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், என் சட்டைப்பையிலிருந்து தொங்கிய மல்லிகையைப் பார்த்தார். மனோகரன் சோற்றுப் பாத்திரத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். தவுக்கே தன் சட்டைப்பைக்குள் கைவிட்டு, நாலாக மடித்த மஞ்சள் காகிதம் ஒன்றை எடுத்தார். சிவப்பு மையில் சீன எழுத்து.

"நேத்து என் பொண்டாட்டி தோக்கோங் கோயில்ல சாமி கும்பிட்டு வாங்கிட்டு வந்தா" என்றார் மெதுவாக. "காய்ச்சல் போயிரும், எஞ்சின்ல ஒட்டுன்னு சொன்னா. உங்க யாருக்கும் தெரியாம ஒட்டலாம்னுதான் கொண்டுவந்தேன்."

அவர் காகிதத்தை வடிவேலுவிடம் நீட்டினார்.

"எங்க ஒட்டினா மணி அடிக்காது? நீ சொல்லு, ஒன் மெஷின்தானே."

வடிவேலு அதை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டான். இருக்கைக்கு மேலிருந்த கூரைக் கம்பத்தைக் கையால் காட்டினான்.